ஆலை விடுதியும் அயல் மலைகளும்



மலைநாட்டை ஒருமுறை பார்த்துவர வேண்டும் என்ற ஆசை நம்மிற் பலருக்கு உண்டு. யாழ்ப்பாணத்து வெயிலிலும் கொழும்பின் புழுக்கத்திலும் வாழ்வோர்க்கு நுவரெலியா என்ற பெயரைக் கேட்டாலே மேனி குளிரும். ஆனால் அங்கு போகிறவர்களிற் பெரும்பாலோர் செய்வது என்ன? விடியலில் வாகனமொன்றை அமர்த்திக்கொண்டு புறப்படுகிறார்கள். ஏரிக்கரையில் நின்று படம் பிடிக்கிறார்கள். குதிரைப்பந்தயத் திடலைச் சுற்றி வருகிறார்கள். கம்பளிக் குல்லாய் ஒன்றும் லீக்ஸ் கட்டு இரண்டும் வாங்கிக்கொண்டு இரவோடிரவாகத் திரும்பிவிடுகிறார்கள். இவர்கள் மலைநாட்டைப் பார்த்தார்கள் என்பதைவிட, மலைநாட்டினூடாக ஓடினார்கள் என்பதே பொருத்தமாகும். அங்கு மூன்று நாளாவது தங்க வேண்டும். எங்கே தங்குவது, தங்கியிருந்து எதனைக் காண்பது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

கடல்மட்டத்துக்கு மேல் ஆறாயிரம் அடிக்கு அதிகமான உயரத்தில் இருக்கும் இந்த ஊர், விருந்தினருக்கென்றே வளர்ந்த ஊர் எனலாம். 1819ஆம் ஆண்டில் டாக்டர் ஜோன் டேவி என்பவர் இச்சமவெளியைக் கண்டு எழுதினார். பின்னர்த் தேசாதிபதி எட்வேர்ட் பான்ஸ், காய்ச்சலாலும் வெப்பத்தாலும் வாடிய வெள்ளையர் உடல் தேறுவதற்கு உகந்த இடம் இதுவே என்று கண்டு, 1828இல் தமக்கு ஒரு மாளிகை கட்டுவித்தார். அம்மாளிகையே வளர்ந்து பெருகிப் பிற்காலத்தில் கிராண்ட் ஹோட்டலாயிற்று. சாமுவேல் பேக்கர் என்ற வேட்டைக்காரர் 1848இல் ஆங்கிலநாட்டு ஏர், மாடு, விதைகளோடு வந்து இங்கே பண்ணை அமைத்தார். தேசாதிபதி கிரெகரியின் காலத்தில், 1873இல், ஏரி உண்டாயிற்று. 1876இல் தொடங்கிய ஹில் கிளப் நெடுங்காலம் ஐரோப்பியருக்கே உரியதாயிருந்தது. இன்று கழுத்துப்பட்டி கட்டிக்கொள்ளும் எவரும் அதன் போசனசாலையில் அமரலாம். கழுத்துப்பட்டி இல்லாதவருக்கு அவர்களே இரவல் தருவார்கள் என்றும் சொல்லக் கேட்டிருக்கிறேன்!

இவையெல்லாம் நகரத்து விடுதிகள். நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது நகரத்தை விட்டுச் சற்று விலகிய ஓரிடம். நுவரெலியாவிலிருந்து இராகலை செல்லும் பாதையிற் போனால் கந்தப்பளை என்ற சிற்றூர் வரும். கரட்டும் கோவாவும் உருளைக்கிழங்கும் விளையும் படிக்கட்டு வயல்கள் பாதையின் இருமருங்கும் தோன்றும். அவ்வூரைத் தாண்டி மலையேறினால், தேயிலைக் கடலின் நடுவே நங்கூரமிட்ட கப்பலைப் போல நாலு மாடிக் கட்டடம் ஒன்று நிற்கும். இதுதான் பழைய ஹெதர்செட் தோட்டத்தின் தேயிலை ஆலை. 1930களிற் கட்டப்பட்டது. ஆலை மூடப்பட்டபின் பல ஆண்டுகள் வெறுமையாய் நின்ற இக்கட்டடத்தை இடித்துத் தள்ளாமல், அதன் புறத்தோற்றத்தை மாற்றாமல், அயிட்கன் ஸ்பென்ஸ் நிறுவனத்தார் விருந்தினர் விடுதியாக்கினார்கள். 1996இல் அது திறக்கப்பட்டது.

ஆலை எவ்வாறு விடுதியாகும் என்று நீங்கள் கேட்கலாம். தேயிலை செய்யும் முறையை அறிந்தால் அது விளங்கும். பறித்த கொழுந்து ஆலைக்கு வந்ததும் முதல் வேலை அதனை வாட்டுதல். பச்சை இலையிலுள்ள நீரிற் பெரும்பங்கு வற்ற வேண்டும். அதற்காக மேல்மாடிகளிற் சாக்குத்துணித் தட்டுகளை அடுக்கடுக்காகக் கட்டி, அவற்றின்மேல் இலையைப் பரப்பி வைப்பார்கள். அரை நாளோ அதற்கு மேலோ காற்று அதன்மீது தவழ வேண்டும். ஆகவே மலைநாட்டு ஆலைகளின் மேல்மாடிகள் யாவும் நீண்ட கூடங்களாகவும், வரிசை வரிசையாகச் சாளரங்கள் உடையனவாகவும் அமைந்தன. வாடிய இலை கீழே இறங்கும். உருட்டும் இயந்திரத்திற் பிழிபடும். பச்சை நிறம் மாறிச் செம்பு நிறம் ஏறும்வரை ஈரமான தரையிற் பரந்து கிடக்கும். அதன்பின் சூட்டறையிற் காய்ந்து கறுக்கும். அதன்பிறகே சலித்துத் தரம்பிரிப்பார்கள். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்து வேண்டும். இத்தனை வேலைக்கும் உரிய மணம் அந்தக் கட்டடத்தின் மரத்திலேயே ஊறியிருக்கும்.

இலை வாடிய கூடங்களையே தடுத்து அறைகளாக்கியிருக்கிறார்கள். நேற்று இலைக்குக் காற்று விட்ட சாளரம் இன்று விருந்தினருக்குக் காட்சி தருகிறது. பழைய இயந்திரத்தையும் பெரிய காற்றாடிகளையும் அகற்றிவிடாமற் பேணி வைத்திருக்கிறார்கள். வளவில் ஒரு சிறிய ஆலையும் உண்டு. பொழுது புலரும்போது சாளரத்தைத் திறந்தால் மூடுபனி அறைக்குள்ளே வந்துவிடும். பனி விலக விலக, முதலில் ஒரு சவுக்கு மரம், அப்பால் ஒரு மலைமுகடு, அதன்பின் கொழுந்து பறிக்கும் பெண்களின் வரிசை என்று ஒவ்வொன்றாக வெளிப்படும். அந்த அரைமணி நேரக் காட்சிக்காகவே அங்கு போகலாம்.

இவ்விடுதியில் விருந்தினருக்கு ஒரு வேடிக்கையும் உண்டு. விரும்பியவர்கள் கொழுந்து பறிக்கும் பெண்களைப்போல உடுத்துக்கொண்டு, கூடை சுமந்து, தேயிலைச் செடிகளுக்கிடையே சென்று கொழுந்து கிள்ளலாம். அவர்கள் கிள்ளிய இலையை அந்தச் சிறிய ஆலையிலே பதப்படுத்திக் கொடுப்பார்கள். இதனைக் கேட்டுச் சிலர் முகஞ்சுளிப்பார்கள். பிறருடைய உழைப்பை நாடகமாக்கலாமா என்பார்கள். என் கருத்து வேறு. அரைமணி நேரம் உண்மையாகக் கிள்ளிப் பார்ப்பவருக்கு இரண்டிலையும் ஒரு மொட்டும் என்ற சொற்றொடரின் பொருள் விரல்நுனியிலே தெரியும். முதிர்ந்த இலை வந்தால் கழிவு. காம்பு நீண்டால் கழிவு. கால் வழுக்கும் சரிவிலே, பனியில் நனைந்த செடி இடுப்புத் துணியை ஈரமாக்க, இரு கைகளும் ஓயாமல் இயங்க வேண்டும். அட்டைக்கடி வேறு. அரைமணி நேரத்தில் நீங்கள் சேர்த்தது கூடையின் அடியைக்கூட மறைத்திராது. வேடிக்கை அத்தோடு முடிந்துவிடாமல், அருகிலே உண்மையாகவே பறித்துக்கொண்டிருப்பவரிடம் நீங்கள் பேசத் தொடங்கினால், அந்த வேடத்தால் நன்மையே உண்டு.

பேசுதல் என்றேன். நேயர்களே, நமக்குள்ள பெரும்பேறு இதுதான். உலகின் பல பாகங்களிலிருந்தும் உல்லாசப் பிரயாணிகள் இங்கு வருகிறார்கள். அவர்கள் தேயிலைச் செடியைப் பார்க்கலாம், படமெடுக்கலாம், புன்னகைக்கலாம், பேச முடியாது. வழிகாட்டி சொல்வதே அவர்களுக்கு வேதம். நாமோ தமிழர். அந்த மலையிலே கூடை சுமப்பவரும் பெரும்பாலும் தமிழர். உங்கள் பெட்டியை அறைக்குத் தூக்கி வரும் இளைஞரும், தேநீர் கொணரும் பெண்ணும், லயத்திலே பிறந்து வளர்ந்தவர்களாய் இருக்கக்கூடும். ஆங்கிலத்தில் அதிகாரம் செய்துவிட்டுத் திரும்பாமல், அவர்களிடம் தமிழிற் பேசிப் பாருங்கள். வழிகாட்டி நூல்களில் இல்லாத மலைநாடு அப்போது தெரியும்.

அங்குள்ள தமிழிலே சில சொற்களை நாம் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். ஆலையை அவர்கள் ஸ்டோர் என்பார்கள். காலையில் ஆட்கள் கூடும் இடம் பிரட்டுக்களம். செடிகளை வெட்டிவிடுவது கவ்வாத்து. மலைச்சரிவிலிருந்து குழாய்வழி நீர் விழும் இடம் பீலி. ஒரு நாள் வேலைக்குரிய சம்பளத்துக்குப் பேர் என்று பெயர். விதித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அரைப் பேர் என்பார்கள். மனிதனுடைய பெயரே அன்றைய கூலியாகிவிடும் இந்தச் சொல்லை நான் முதன்முதற் கேட்டபோது, சற்று நேரம் வேறொன்றையும் எண்ண முடியவில்லை.

சுற்றுப்புறக் காட்சிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நுவரெலியாவிலிருந்து வெலிமடைப் பாதையில் மூன்று மைல் போனால் சீதாஎலியவில் சீதையம்மன் ஆலயம். ஓடையோரப் பாறையிலுள்ள குழிகளை அனுமனின் அடிச்சுவடு என்று காட்டுவார்கள். 2024ஆம் ஆண்டு மே மாதம் இங்கே கும்பாபிஷேகம் நடைபெற்றது. அப்பால் ஹக்கலப் பூந்தோட்டம். காய்ச்சல் மருந்தாகிய கொயினாவுக்குரிய சிங்கோனா மரத்தைப் பயிரிடுவதற்காக 1861இல் தொடங்கிய தோட்டம் அது. இன்று ரோசாவுக்கும் மரப்பன்னங்களுக்கும் புகழ் பெற்றிருக்கிறது. ஏப்பிரல் மாதத்தில் நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம் நடக்கும். கூட்டத்தில் மகிழ்பவர்கள் அப்போது போகலாம். அமைதியை நாடுவோர் அம்மாதத்தை விலக்குவதே நன்று.

நகரத்தின் நடுவே செங்கல்லாற் கட்டிய அஞ்சலகம் ஒன்று மணிக்கூண்டோடு நிற்கும். 1894இல் கட்டப்பட்டது. 2023இல் அதனையும் ஹோட்டலாக்கும் யோசனை எழுந்தபோது அஞ்சல் ஊழியர்கள் வேலைநிறுத்தஞ் செய்தார்கள். ஓய்ந்துபோன ஆலையை விடுதியாக்கி உயிர் கொடுப்பது ஒன்று. உயிரோடு இயங்கும் அஞ்சலகத்தை விடுதியாக்க நினைப்பது வேறொன்று. அங்கு சென்று ஒரு கடிதமாவது எழுதிப் போடுங்கள்.

ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் இருள் பிரியுமுன் புறப்பட வேண்டும். ஏழாயிரம் அடி உயரத்தில் பரந்த புல்வெளி. இடையிடையே குறுகி வளைந்த மரங்கள் அடர்ந்த காடு. புல்லிடையே அஞ்சாமல் மேயும் மரைகள். உலக முடிவு என்று பெயர் பெற்ற விளிம்பிலே நிலம் திடீரென்று இரண்டாயிரத்து எண்ணூறு அடிக்கும் மேல் செங்குத்தாக இறங்கிவிடுகிறது. ஒன்பது மணிக்குப் பின் கீழிருந்து மேகம் எழுந்து யாவற்றையும் மூடிவிடும். தாமதித்தவர் காண்பது வெண்திரை ஒன்றே. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பேராறுகளுக்கும் இச்சமவெளி நீரூட்டுகிறது. 1988 முதல் இது தேசிய வனம். 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது.

மூன்றாம் நாளை அட்டன் பக்கத்துக்கு ஒதுக்குங்கள். நானுஓயாவிலிருந்து புகையிரதத்திற் போவதே சிறப்பு. இப்பாதை 1885இல் நானுஓயாவை எட்டியது; கோப்பிக்காகத் திட்டமிட்ட பாதை, கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலையைச் சுமந்தது. ஆனால் 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலைநாட்டில் பெரும் மண்சரிவுகளை உண்டாக்கி, இப்பாதையையும் பல இடங்களிற் சிதைத்தது. ஆதலால் எந்த வண்டி எதுவரை ஓடுகிறது என்று விசாரித்துக்கொண்டே புறப்படுங்கள். சரிவிலே லயம் இருக்கும் இடங்களில் பெருமழை என்ற சொல்லுக்கு நாம் அறியாத பொருள் ஒன்று உண்டு என்பதையும் அங்குள்ளவர்கள் உங்களுக்குச் சொல்வார்கள்.

தலவாக்கலையை அடுத்துச் சென்கிளையர் நீர்வீழ்ச்சியும் டெவன் நீர்வீழ்ச்சியும் தோன்றும். மேல் கொத்மலை மின்திட்டம் 2012இல் நிறைவெய்தியபோது சென்கிளையர் வற்றிவிடுமோ என்று பலர் கவலைப்பட்டார்கள். பகற்பொழுதிலாவது அருவிக்கு நீர் விடவேண்டுமென்று ஏற்பாடாயிற்று. கொட்டகலைக்கும் அட்டனுக்கும் இடையே சிங்கமலைச் சுரங்கம். அட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணீர் போனால் சிவனொளிபாதமலையின் அடிவாரம். மார்கழி தொடங்கி வைகாசிவரை யாத்திரைக் காலம். நால்வகைச் சமயத்தாரும் ஏறும் மலை அது.

அட்டனுக்கு அப்பால் பொகவந்தலாவையில் சென்மேரிஸ் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்திலே, 1879இல் மறைந்த யூலியா மார்கரட் கமரன் என்னும் ஆங்கிலப் பெண்மணி துயில்கிறார். ஒளிப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவர். தென்னிசன், டார்வின் முதலியோரின் முகங்களைப் பதிந்தவர். இலங்கை வந்தபின் தொழிலாளரையும் படமெடுத்தார். பேரறிஞர் படங்களின் கீழ்ப் பெயர் உண்டு. தொழிலாளர் படங்களிற் பெரும்பாலானவற்றில் அது இல்லை.

டிக்கோயாப் பக்கத்திலே, காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சூழ, பழைய துரைமார் பங்களாக்கள் சில இக்காலத்தில் உயர்தர விடுதிகளாகியுள்ளன. சில ஆண்டுகளுக்கு முன் அவ்வழியே நடந்துகொண்டிருந்தபோது, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த மூதாட்டி ஒருவரோடு பேச நேர்ந்தது. மலைமேல் இருந்த ஒரு பங்களாவைக் காட்டி, "அங்க ஒரு ராத்திரி தங்க எவ்வளவுங்க ஐயா?" என்று கேட்டார். நான் கேள்விப்பட்டிருந்த தொகையைச் சொன்னேன். அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். ரூபாயை அல்ல, நாட்களை எண்ணினார். "அப்ப, ஒரு மாசப் பேர் பூராவும் ஒரு ராத்திரித் தூக்கத்துக்குப் போயிடுமே!" என்று சொல்லிச் சிரித்தார். பின்பு, "சாப்பாடும் அதுலயே சேத்தியா?" என்றார். சேர்த்தி என்றேன். "அப்படின்னா சரிதான்" என்றவர், தம் மாமியார் அந்த பங்களாவிலே பிள்ளை பார்க்கும் ஆயாவாக இருந்தார் என்றும், அங்கே கணப்பறைக்கு எந்த மரத்து விறகு நல்லதென்று அவருக்குத் தெரியும் என்றும் சொல்லிக்கொண்டு நடந்தார். பொறாமையோ புலம்பலோ அப்பேச்சில் இல்லை. கணக்கு மட்டும் இருந்தது.

அந்தக் கணக்கின் பின்னே இரு நூற்றாண்டு உண்டு. 1823இல் கம்பளையருகே கோப்பித் தோட்டம் தொடங்கிய காலந்தொட்டுத் தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள், மன்னார்க் கரையில் இறங்கிக் காடு வழியே நடந்து மாத்தளையை அடைந்து மலையேறினார்கள். நடந்தவர் யாவரும் வந்து சேர்ந்தாரல்லர். இன்று நாம் சாளரத்தின் வழியே கண்டு மகிழும் பச்சைப் போர்வை காடாயிருந்ததை வெட்டி, கல் பிடுங்கி, வாய்க்கால் இட்டு, கன்று நட்டவர்கள் அவர்கள். பூண்டுலோயாவின் மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, 1954இல் ஆங்கிலத்திலே எழுதிய கவிதை நூலொன்றால் அவ்வாழ்வை உலகுக்கு அறிவித்தார். அவர் 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். அடுத்த ஆண்டு வந்த சட்டத்தால் அவருக்கு வாக்களித்த மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் கையொப்பமிட்ட ஒப்பந்தப்படி, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு என்றும், மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்றும் பிரிக்கப்பட்டார்கள். எஞ்சியவர் குறை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயானது 2021இல். 1,350 ரூபாயானது 2024இல். ஒவ்வோர் ஏற்றமும் நெடும் போராட்டத்தின் பின்னரே வந்தது.

இதனையெல்லாம் அறிந்தால் விடுமுறையின் இன்பம் கெட்டுவிடாதா என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யார் கட்டியது, யார் செதுக்கியது என்று தெரிந்துகொண்டு கோயிலைப் பார்ப்பவருக்குக் கோயிலின் அழகு குறைவதில்லையே. அதுவன்றி, விருந்தினர் வருகையால் அப்பகுதி இளைஞர்க்கு வேலை கிடைக்கிறது. கூடை சுமக்க விரும்பாத மகனும் மகளும் கொழும்புக் கடைகளுக்கு ஓடாமல் ஊரிலேயே தொழில் பெறுகிறார்கள். அவர்கள் பெட்டி தூக்குவதோடு நின்றுவிடாமல் வரவேற்பு மேசைக்கும் நிர்வாக அறைக்கும் உயர்கிறார்களா என்பதே நான் அறிய விரும்புவது. நீங்கள் தங்கும் இடத்தில் இதனைக் கேளுங்கள். விருந்தினர் கேட்கும் கேள்வியை விடுதிக்காரர் அவ்வளவு எளிதிற் புறக்கணிப்பதில்லை.

கம்பளி உடையும் குடையும் மறவாதீர்கள். தை மாதத்தில் நுவரெலியாவில் உறைபனி விழுவதும் உண்டு. திரும்பும்போது தேயிலை வாங்கத்தான் செய்வீர்கள். நுவரெலியாத் தேயிலை நிறம் மெலிந்தது, மணம் மிகுந்தது. பாலூற்றிக் குடித்தால் அதன் சிறப்புத் தெரியாது. யாரேனும் தம் லயத்துக்கு அழைத்தால் மறுக்காமற் செல்லுங்கள். பகலில் போனால் எவரும் இருக்கமாட்டார்கள். மாலைக் கொழுந்து நிறுத்து முடிந்து, பீலியில் முகங்கழுவி, அடுப்பு மூட்டிய பின் போங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையிலே உங்களுக்கென்று ஒரு நாற்காலியை அயல்வீட்டிலிருந்தாவது கொணர்ந்து போடுவார்கள். வெறுந்தேநீர் தருவார்கள், ஏற்றுமதிக்குப் போகும் உயர்ந்த தரம் அன்று, தோட்டத்திற் கொடுக்கும் தூள். உள்ளங்கையிற் சிறிது சீனியும் தருவார்கள். அதனைக் கோப்பையிற் கொட்டிக் கலக்காதீர்கள். நாவால் சீனியைத் தொட்டுக்கொண்டு, சுடச்சுட ஒரு மிடறாகக் குடிக்க வேண்டும்.